ரவுட்டரை ஓஃப் பண்ண முன்னம் லொக்கைப் பாருங்கள்

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடை. பின்னேரம் பில் போடுகிற நேரம் பார்த்து நெட் நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டார்கள். சன நெரிசலைக் கடந்து நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. "இப்ப சரி அண்ணை, ரவுட்டரை ஒருக்கா ஓஃப் பண்ணிப் போட்டனான்" என்றார் கணக்குப் பார்க்கிற தம்பி. நான் பார்க்க வந்த லொக், அதாவது ரவுட்டர் தனக்கு நடந்ததை நேரத்தோடு எழுதி வைக்கும் பதிவு, அதோடு அழிந்துவிட்டது.

அவரில் பிழை சொல்ல முடியாது. பெரும்பாலான ரவுட்டரும் நெட்வேர்க் சுவிட்சும் நடந்ததை எல்லாம் ரெம் என்ற தற்காலிக நினைவகத்தில்தான் எழுதி வைக்கின்றன. கரண்ட் போனால் அதுவும் போய்விடும். கரண்ட் இருந்தாலும் இடம் கொஞ்சம்தான். மைக்ரோடிக் கொம்பனியின் ரவுட்டர் வழமையாகக் கடைசி 1000 வரிகளை வைத்திருக்கும். சிஸ்கோ கொம்பனியின் பல மொடல்களில் லொக்குக்கான தொடக்க அளவு 4096 பைட். நாற்பது, ஐம்பது வரியில் நிறைந்து, பழையதன் மேல் புதியது எழுதப்படும்.

அங்கே இருந்தது மைக்ரோடிக். மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றை ரவுட்டரிலேயே நேரடியாகச் செருகி, லொக்கை நெட்வேர்க் வழியாக இன்னொரு கணினிக்கு அனுப்பும் சிஸ்லொக் மூலம் லொக் முழுவதும் அதற்குப் போகும்படி செய்தேன். சிஸ்லொக் வழமையாக யூடிபி என்ற அனுப்பும் முறையில், 514ஆம் இலக்கப் போர்ட்டுக்குப் போகும். போய்ச் சேர்ந்ததா என்று யூடிபி பார்க்காது, திருப்பி அனுப்பவும் மாட்டாது. பழுதான வயருக்கு அந்தப் பக்கம் கணினியை வைத்தால், வயர் அறுகிற நேரத்து வரிகள்தான் வந்து சேராது.

நேரத்தையும் அப்போதே சரிசெய்தேன். சின்ன ரவுட்டர்கள் பலவற்றில் மணிக்கூட்டுக்கு பற்றரி இல்லை. கரண்ட் போய் வந்தபின் 1970 என்று திகதி காட்டியதைக் கண்டிருக்கிறேன். நெட்டிலிருந்து நேரத்தை எடுக்கும் என்டிபியைப் போட்டு, நேர வலயத்தை இலங்கையின் +5:30 ஆக்குங்கள். இல்லாவிட்டால் பின்னேரம் 4:50க்கு நடந்தது காலை 11:20 என்று பதிவாகும், நீங்கள் காலையில் என்ன நடந்தது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

நான்காம் நாள் போய்த் திறந்து பார்த்தேன். மூன்று நாளும் நாலரைக்கும் ஐந்தேகாலுக்கும் இடையில் 'ஈதர்3 லிங்க் டவுன்' (ரவுட்டரின் ஈதர்3 என்ற போர்ட்டில் இணைப்பு அறுந்தது), இரண்டு செக்கனில் 'லிங்க் அப்', திரும்பவும் டவுன். ஈதர்3இன் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். களஞ்சிய வாசலில் கம்பளத்துக்குக் கீழே தட்டையாக நசிந்து கிடந்தது. நாட்டாமைமார் சாமான் தள்ளுவண்டியை உள்ளே கொண்டு வருகிற நேரம் அது.

சிஸ்கோ வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. சிஸ்லொக் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை தரம் உண்டு. 0 ஆக மோசமானது, 7 டிபக், பழுது தேடுகிறபோது பார்க்கிற நுணுக்கமான விபரம். சத்தம் குறையட்டும் என்று பலர் 4உடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் யாரோ கொன்பிகை, அதாவது ரவுட்டரின் அமைப்பை, மாற்றினார்கள் என்ற செய்தி 5இல்தான் வரும். வெளியே அனுப்பும் லொக்கை நான் 6 வரை திறந்துதான் விடுவேன்.

இதெல்லாம் செய்ய நேரமில்லையா? சிஸ்கோவில் 'ஷோ லொகிங்', மைக்ரோடிக்கில் வின்பொக்ஸ் மென்பொருளின் 'லொக்' பக்கம். ஓஃப் பண்ண முன்னம் அதைத் திறந்து போனில் ஒரு படம் எடுங்கள். அந்தத் தம்பி இப்போது படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் எனக்கு அழைப்பெடுக்கிறார்.