நீல வில்லைகள் எல்லாம் கெபாசிட்டர்கள் அல்ல

பழுதுபார்க்கும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள், மின்சுற்றுப் பலகையில் தமக்குத் தெரியாத ஓர் உதிரிபாகத்தைக் கண்டால், முதலில் அதன் நிறத்தையும் வடிவத்தையும்தான் பார்க்கிறார்கள். அதே தோற்றமுள்ள ஒன்றை எடுத்து அதனிடத்தில் சால்டர் செய்தும் விடுகிறார்கள். பவர் சப்ளையில் இந்தப் பழக்கம் ஆபத்தானது.

ஏசி மின்சாரம் நுழையும் பகுதியில் காணப்படும் நீல நிற வட்ட வில்லைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் ஒன்று, மின்னழுத்தம் திடீரென உயரும்போது கருவியைக் காக்கும் வேரிஸ்டராகவும், மற்றொன்று, ஏசி பகுதிக்கென்றே பாதுகாப்புத் தரத்துடன் செய்யப்படும் ஒய் வகைக் கெபாசிட்டராகவும் இருக்கலாம். இரண்டிலும் 471 என்ற எண்ணே அச்சிடப்பட்டிருக்கக்கூடும். கெபாசிட்டரில் அது 470 பிகோ ஃபாரட், வேரிஸ்டரில் 470 வோல்ட். மல்டிமீட்டரும் இங்கே முழுமையாக உதவாது. ஓம் அளவில் இரண்டும் திறந்த இணைப்பாகவே தெரியும். கெபாசிட்டர் அளவில் வைத்தாலோ வேரிஸ்டரும் சில நூறு பிகோ ஃபாரட் காட்டும். ஆகவே அவை இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். ஃபியூஸைக் கடந்தவுடன் இரு ஏசி கம்பிகளுக்கும் குறுக்கே நிற்பது பெரும்பாலும் வேரிஸ்டர். மின்மாற்றியின் இருபுறங்களையும் பாலம்போல் இணைப்பது ஒய் கெபாசிட்டர். பின்னதற்குப் பதிலாகச் சாதாரண செராமிக் கெபாசிட்டரைப் பொருத்தினால் கருவி வழக்கம்போல் இயங்கும். ஆனால் அது என்றாவது ஷார்ட் ஆனால், ஏசி மின்னழுத்தம் பயன்படுத்துபவர் தொடும் பகுதிக்கே வந்துவிடும். வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டரும் வில்லை வடிவிலேயே வரும்; அதைக் கண்டுபிடிப்பது எளிது: 5டி-9 என்பது போன்ற எண் இருக்கும், மீட்டர் சில ஓம்களைக் காட்டும், சூடாக்கினால் அந்த அளவு குறையும்.

இந்தப் பகுதியைத் தொடுமுன் ஓர் எச்சரிக்கை. 230 வோல்ட் ஏசியை நேராக்கினால் பெரிய கெபாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் டிசி சேர்கிறது. இணைப்பைத் துண்டித்த பிறகும் அது தங்கியிருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்வதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. தகுந்த வாட் திறனுள்ள ரெசிஸ்டர் வழியாக அந்த மின்னேற்றத்தை வடித்துவிட்டு, மீட்டரால் சரிபார்த்த பின்னரே கை வைக்க வேண்டும்.

மூன்று கால்களுள்ள சிறிய கறுப்பு உதிரிபாகத்தை டிரான்சிஸ்டர் என்றே பலரும் முடிவு செய்கிறார்கள். டிஓ-92 எனப்படும் அந்தக் கூட்டுக்குள் 5 வோல்ட் ரெகுலேட்டரான 78எல்05, வெப்பத்தை உணரும் எல்எம்35, ஒப்பு மின்னழுத்தம் (ரெஃபரன்ஸ்) தரும் டிஎல்431 ஆகியவையும் வருகின்றன. டிரான்சிஸ்டர்தான் என்று உறுதியானாலும் கால்களின் வரிசை மாறுபடும்: தட்டையான முகம் நம்மை நோக்கியும் கால்கள் கீழ்நோக்கியும் இருக்கையில், பிசி547-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர் என்றும், 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்றும் அமைந்திருக்கும்.

பலகையில் அச்சிட்ட எழுத்தே முதல் சான்று. ஆர் என்பது ரெசிஸ்டர், சி கெபாசிட்டர், எல் காயில், டி டையோடு, கியூ டிரான்சிஸ்டர், யூ அல்லது ஐசி என்பது ஐசி எனப்படும் ஒருங்கிணைந்த சுற்று. வண்ணப் பட்டைகளுடன் ரெசிஸ்டர்போல் தோன்றும் ஒன்றின் அருகில் எல் என்றிருந்து, மீட்டர் ஏறத்தாழ சுழியத்தைக் காட்டினால், அது காயில்தான். பழுதான ரெசிஸ்டர் என்று கழற்றி எறிய வேண்டாம்.

எண்ணைத் தேடும்போதும் இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். ஜப்பானிய டிரான்சிஸ்டர்களில் முன்னொட்டை விட்டுவிடுவார்கள். சி1815 என்பதை 2எஸ்சி1815 என்று தேட வேண்டும். பழைய ஐசிகளிலோ 7432 என்பது ஓஆர் கேட் ஐசியின் எண்ணாகவும் இருக்கலாம், 1974-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத் தயாரிப்பு என்ற குறியீடாகவும் இருக்கலாம். எனவே எல்லா வரிகளையும் படித்து, தயாரிப்பாளரின் விவரத்தாளான டேட்டாஷீட்டில் உள்ள கால் அமைப்பு பலகையின் தடங்களோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பலகையில் வைத்தே அளந்தால் பக்கத்துப் பாதைகள் அளவைக் குலைக்கும். ஒரு காலையாவது விடுவித்து அளப்பது நல்லது.

எழுத்தே கருகிப் போயிருந்தால், ஸ்டீரியோ ஆம்பிளிஃபயர் போன்றவற்றில் மறு சேனலில் அதன் இணை இருக்கும். இல்லையெனில் அருகிலுள்ள ஐசியின் டேட்டாஷீட்டில் தரப்படும் மாதிரிச் சுற்று பெரும்பாலும் விடை தரும். ஏசி பகுதியில் இவ்விரண்டும் கைகொடுக்காதபோது, ஊகத்தில் ஒன்றைப் பொருத்துவதைவிட முழுப் பவர் சப்ளையையே மாற்றும்படி உரிமையாளரிடம் சொல்லிவிடுகிறேன்.