ஆக்சிலுக்கு மேலே கொக்கி மாட்டாதீர்கள்

மறுபடியும் ஒரு வண்டி பட்டறைக்கு வந்து நிற்கிறது. புல் வெட்டும் டிராக்டர். இருக்கைக்குக் கீழே, பின் ஆக்சிலுக்கு (சக்கர அச்சுக்கு) ஒரு சாண் மேலே, ஆங்கிள் இரும்பை வைத்து வெல்டிங் அடித்த கொக்கி. அதில் மாட்டி இழுத்தது கரும்புக் கட்டை பிடுங்க வீட்டிலேயே செய்த ஒற்றைப்பல் கலப்பை. கட்டையில் பல் சிக்கியதும் முன்சக்கரம் இரண்டும் மேலே எழும்பிவிட்டன. ஓட்டியவர் சட்டென்று பெடலை விட்டதால் பிழைத்தார். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டோங்காட், வெருலம் பக்கம் வீட்டு நிலமும் கோயில் திடலும் வைத்திருக்கிற எல்லோரும் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

"17 குதிரைசக்தி வண்டி, இது எங்கே மல்லாந்து விழும்?" என்கிறார்கள். குதிரைசக்திக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கியர் குறைத்து ஓட்டும்போது ஆக்சிலில் திருகுவிசை ஏராளம். சக்கரம் உருள முடியாமல் நின்றால், அந்த விசை வண்டியின் உடம்பையே ஆக்சிலைச் சுற்றித் தூக்கும். தலைகீழாக ஒரு நொடி, இரண்டு நொடி போதும். யோசிக்கவே நேரம் இருக்காது.

அடுத்தது, "கொக்கி உயரமாக இருந்தால் பின்சக்கரம் நன்றாகப் பிடிக்கும்." பிடிக்கும்தான். ஆனால் அந்தப் பாரம் முன்சக்கரத்திலிருந்து எடுத்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அச்சுக்கும் இடையே 120 செ.மீ. உள்ள வண்டி, 100 கிலோ இழுவை. கொக்கி தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் இருந்தால் முன்பக்கம் 42 கிலோ குறையும். 25 செ.மீ. என்றால் 21 கிலோதான் குறையும். கட்டையில் மோதும் அந்த நொடியில் இழுவை 100 கிலோவில் நிற்காது. மேட்டில் ஏறும்போது முன்பக்கம் ஏற்கெனவே லேசாகத்தான் இருக்கும்.

ஆகவே கொக்கியின் துளை எப்போதும் ஆக்சில் மையத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். 20 அங்குல டயர் என்றால் 25 செ.மீ.க்குக் கீழே.

எதில் பூட்டுவது? கியர்பெட்டியின் உறையில் பூட்டாதீர்கள். புல் வெட்டும் வண்டிகள் பலவற்றில் அது அலுமினிய வார்ப்பு. ஒருமுறை விரிசல் விட்டால் எண்ணெய் போகும், வண்டியும் போகும். பின்தகடு மட்டும் போதாது, அது மெல்லிய அழுத்தத் தகடு. 6 மி.மீ. பட்டை இரண்டை சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) இரு பக்கமும் ஆக்சிலைத் தாண்டி முன்னால் கொண்டுபோய், பக்கத்துக்கு நான்கு எம்12 (12 மி.மீ.) போல்ட், 8.8 தரம் (வலுவான ரகம்), பெரிய வாஷர், நைலாக் நட் (தானே தளராத நட்) போடுங்கள். பின்னால் குறுக்கே 10 மி.மீ. தகடு. கலப்பையை மாட்டும் பின்னுக்கு (pin) 16 மி.மீ. உருண்டைக் கம்பி, அது கழன்றுவிடாமல் ஆர்-கிளிப்புடன். கட்டடக் கம்பியை வெட்டிப் பின்னாகப் போடாதீர்கள். அதன் முறுக்கு துளையைத் தின்றுவிடும், நீள்வட்டமான துளையில் பின் ஆடிக்கொண்டே இருக்கும்.

வெல்டிங் செய்யும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கை அகற்றுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் அடிக்கிற துண்டிலேயே இருக்கட்டும். தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போகும். துத்தநாகம் பூசிய பைப்பை வெல்டிங் அடிப்பதென்றால் பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சல் கொண்டுவரும்.

கலப்பைப் பல்லை அது சுழல்வதற்கான ஒரு பிவட் போல்டில் மாட்டி, அதற்குச் சற்று மேலே 6 அல்லது 8 மி.மீ. சாதா போல்ட் (4.6 தரம்) ஒன்று. கல்லில் சிக்கினால் அது முறிய வேண்டும். முறிந்தபோது "இது தாங்கலை" என்று 8.8 போல்ட் போடுகிறார்கள். முறிவதற்காகவே அதை வைத்திருக்கிறோம்! வீட்டில் இருக்கும் எடை மெஷினில் முன்சக்கரம் ஒன்றை ஏற்றி, மற்ற மூன்றுக்கும் அதே உயரத்தில் பலகை வைத்து, ஓட்டுகிறவர் உட்கார்ந்து எடை பாருங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து மொத்த எடையில் கால்பங்கு இல்லையென்றால் முன்னால் பாரம் கட்டுங்கள்.

பக்கிக்கு (பிக்கப் வண்டிக்கு) வைத்த டிரெயிலரை இந்த வண்டியில் மாட்டவே கூடாது. பிரேக் அதற்குத் தாங்காது. ட்ரம்மில் 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ, அரைகுறையாக நிரப்பினால் அது வளைவில் அலையும். நம் மேடுகளில் ரசமட்டத்தை ஒரு மீட்டர் பலகையில் வைத்து அளந்துவிடுங்கள். பலகையைச் சமமாகப் பிடித்தால் பள்ள முனையில் தரைக்கு 18 செ.மீ. இடைவெளி, அதுதான் 10 பாகைச் சரிவு. அதற்கு மேல் எதையும் இழுக்காதீர்கள். கையேடு இன்னும் குறைவாகச் சொன்னால் அதையே கேளுங்கள்.

பாரத்துக்காகக் கலப்பையின் மேல் பிள்ளையை நிறுத்துகிறார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். 25 கிலோ மணல் மூட்டையைப் பெல்ட்டால் கட்டுங்கள். இருக்கைச் சுவிட்ச் வேலை செய்யாதபடி கம்பி போட்டு இணைத்திருந்தால் அந்தக் கம்பியை இன்றே கழற்றுங்கள். ஓட்டுகிறவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அந்தச் சுவிட்ச் ஒன்றுதான்.

புதுக் கொக்கி போட்டு ஒரு மணி நேரம் உழைத்த பிறகு எட்டு போல்டையும் மறுபடி முறுக்குங்கள். பெயிண்ட் அமுங்கித் தளர்ந்திருக்கும்.