குளோரைடும் குளோரேட்டும்: சேர்மப் பெயர்களின் விகுதி இலக்கணம்

மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்தால், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம் என்று போட்டிருக்கும். அதே கடைத்தெருவில் வாங்கும் தீப்பெட்டியின் குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். முன்னது வயிற்றுப்போக்கில் உடல் இழந்த உப்பை ஈடுகட்டுகிறது; பின்னது குச்சி பற்றிக்கொள்ளத் தேவையான ஆக்சிஜனைத் தருகிறது. பொட்டாசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரேட் இரண்டிலும் ஒரு பொட்டாசியமும் ஒரு குளோரினும் உண்டு. குளோரேட்டில் கூடுதலாக மூன்று ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. இவ்வளவு பெரிய வேறுபாட்டைப் பெயரின் வால்பகுதி மட்டுமே சுமக்கிறது.

பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. 'வந்தான்' என்ற சொல்லில் பகுதி செயலைச் சொல்ல, விகுதி வந்தவர் யார் என்பதைச் சொல்லிவிடுவது போல, 'குளோரேட்' என்பதில் 'குளோர்' என்ற பகுதி தனிமத்தையும் 'ஏட்' என்ற விகுதி அதன் நிலையையும் சொல்கின்றன. எலக்ட்ரானை இழந்தோ ஏற்றோ மின்சுமை பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம்தான் அயனி. நேர் மின்சுமை கொண்ட அயனி, பெரும்பாலும் ஓர் உலோகம், தன் பெயர் மாறாமல் முன்னால் நிற்கும். எதிர் மின்சுமை கொண்ட எதிரயனி விகுதி மாற்றத்தோடு பின்னால் வரும். ஒரே அணு எலக்ட்ரானை ஏற்று எதிரயனியானால் விகுதி 'ஐடு': குளோரைடு, ஆக்சைடு, சல்ஃபைடு, நைட்ரைடு. எத்தனை அணுக்கள் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. கால்சியம் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கும், குளோரின் ஒன்றைத்தான் ஏற்கும் என்பது தெரிந்தால், மின்சுமை சரிக்குச் சரியாக ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரைடு தேவை என்பது தானே வந்துவிடும். ஆகவே 'கால்சியம் குளோரைடு' என்றால் போதும்.

இந்த இலக்கணத்தை வகுத்தவர்கள் கித்தோன் தெ மொர்வோ, லவாய்சியர், பெர்தொல்லே, ஃபூர்குருவா ஆகிய நான்கு பிரெஞ்சுக்காரர்கள். 1787இல் பாரிஸில் அவர்களுடைய நூல் வெளிவந்தது. அதுவரை ஐரோப்பாவிலும் நம் ஊரின் துருசு, அன்னபேதி, நவச்சாரம் போல, நிறமும் பிறந்த இடமும் பழக்கமுமே பெயராகியிருந்தன. அன்னபேதி என்ற சொல்லைக் கேட்டு அதில் இரும்பு இருப்பதை யாரும் ஊகிக்க முடியாது. இரும்புச் சல்ஃபேட் என்றால் கேட்ட உடனே தெரிந்துவிடும்.

விகுதிகளின் முழு வீச்சையும் காண குளோரின் குடும்பத்தைப் பார்ப்பதே நல்லது. குளோரினோடு ஆக்சிஜன் சேர்ந்து உண்டாகும் எதிரயனிகள் நான்கு. நான்குக்கும் மின்சுமை ஒன்றுதான், ஏறிக்கொண்டே போவது ஆக்சிஜனின் எண்ணிக்கை. ஓர் ஆக்சிஜன் இருந்தால் ஹைப்போகுளோரைட். தரை துடைக்கும் பிளீச்சிங் திரவத்தில் இருப்பது இதன் சோடியம் உப்பு. இரண்டு இருந்தால் குளோரைட். நெசவுத் துறையில் துணி வெளுக்கப் பயன்படுவது. மூன்று இருந்தால் தீக்குச்சியின் குளோரேட். நான்கு இருந்தால் பெர்குளோரேட், பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் நிலையில் திட எரிபொருளை எரிய வைப்பது அம்மோனியம் பெர்குளோரேட்தான். 'ஹைப்போ' என்றால் கீழே என்று பொருள். 'பெர்' மிகுதியைக் குறிக்கும். நடுவில் உள்ள இரண்டில் குறைந்ததற்கு 'ஐட்', கூடியதற்கு 'ஏட்'.

மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'ஏட்' என்றால் மூன்று ஆக்சிஜன் என்று மனப்பாடம் செய்துகொண்டால் சல்ஃபேட்டில் தவறிவிடுவோம். நைட்ரேட்டில் மூன்றும் சல்ஃபேட்டில் நான்கும் இருக்கின்றன. நைட்ரைட்டில் இரண்டும் சல்ஃபைட்டில் மூன்றும் இருக்கின்றன. தன் குடும்பத்துக்குள் கூடுதலா குறைவா என்பதைத்தான் விகுதி சொல்கிறதே தவிர, எண்ணிக்கையைச் சொல்வதில்லை. எண்ணிக்கையைத் தனியாகக் கற்றுத்தான் ஆகவேண்டும். இதற்குக் குறுக்குவழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தமிழில் எழுதுவோருக்கு மட்டும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஆக்சிஜன் இல்லாத எதிரயனியின் பெயர் மெல்லொலியில் முடிகிறது; ஆக்சிஜன் குறைந்த எதிரயனியின் பெயர் வல்லொலியில் முடிகிறது. தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே டகரம்தான். 'வீடு' என்பதில் வரும் 'டு' மெலிந்தும், 'பாட்டு' என்பதில் வரும் 'ட்டு' வலிந்தும் ஒலிக்கும் நம் மரபை வைத்துத்தான் குளோரைடு, குளோரைட் என்று பாடநூல்கள் பிரித்துக் காட்டுகின்றன. அவசரத்தில் சோடியம் 'குளோரைட்' என்று எழுதிவிட்டால், சமையலறை உப்பு ஒரு மெய்ப்புள்ளியால் வெளுப்புக் காரமாகிவிடும். தோல் பதனிடும் தொழிலில் மயிரை அகற்றச் சுண்ணாம்போடு சேர்ப்பது சோடியம் சல்ஃபைடு. உணவு கெடாமலிருக்கச் சிறிதளவு சேர்க்கப்படுவது சோடியம் சல்ஃபைட். இந்த டுகரத்தை மெய்ப்புத் திருத்துவோர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்பேன்.

1787இன் இலக்கணத்திலும் ஒரு பிழை இருந்தது. ஆக்சிஜன் இல்லாமல் அமிலம் இல்லை என்று லவாய்சியர் நம்பினார். ஆக்சிஜன் என்ற பெயருக்கே அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள். ஆகவே மியூரியாட்டிக் அமிலம் எனப்பட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் ஆக்சிஜன் இருந்தே தீரும் என்று கொண்டு, அதன் உப்புகளுக்கு 'ஏட்' விகுதி கொடுத்து 'மியூரியேட்' என்றார்கள். குளோரின் ஒரு தனிமமே, அதில் ஆக்சிஜன் ஒளிந்திருக்கவில்லை என்று 1810இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி நிறுவிய பிறகு அவை குளோரைடுகள் ஆயின. உரக்கடை மூட்டையில் மட்டும் பழைய பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் விவசாயிகள் பொட்டாஷ் என்று வாங்கும் 'மியூரியேட் ஆஃப் பொட்டாஷ்', ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உள்ள அதே பொட்டாசியம் குளோரைடுதான்.

இதுவரை பார்த்தவை பெயரின் பின்பாதி. ஒரே உலோகம் வெவ்வேறு மின்சுமைகளோடு வரும்போது முன்பாதிக்கும் விகுதி தேவைப்படுகிறது. சித்த மருத்துவத்தில் பூரம், வீரம் என்று இரண்டு ரசச் சரக்குகள் உண்டு. இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்தவையே. பூரம் தண்ணீரில் கரைவது மிக அரிது. வீரம் எளிதில் கரையும் கொடிய நஞ்சு. வேதியியலில் பூரம் மெர்க்குரஸ் குளோரைடு, வீரம் மெர்க்குரிக் குளோரைடு. 'அஸ்' குறைந்த மின்சுமைக்கு, 'இக்' கூடியதற்கு. ஆனால் எவ்வளவு என்பதை இந்த விகுதிகளும் சொல்லவில்லை: குப்ரஸ் என்றால் ஒன்று, பெர்ரஸ் என்றால் இரண்டு, குப்ரிக் என்றால் இரண்டு, பெர்ரிக் என்றால் மூன்று.

விகுதியைக் கைவிட்டு எண்ணையே எழுதிவிடலாம் என்று 1919இல் முன்மொழிந்தவர் ஆல்பிரட் ஸ்டாக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். உலோகத்தின் பெயரை ஒட்டி, அடைப்புக்குறிக்குள், ஆக்சிஜனேற்ற எண்ணை, அதாவது அந்த உலோகத்தின் மின்சுமை எவ்வளவு என்பதை, ரோமன் எண்ணால் எழுதுவது அவருடைய முறை. பெர்ரிக் குளோரைடை இரும்பு மூன்று குளோரைடு என்று வாசிப்போம். பூரம் பாதரசம் ஒன்று குளோரைடு. அதில் இரண்டு பாதரச அணுக்கள் கைகோத்து, இரட்டை மின்சுமையை ஆளுக்கொன்றாகப் பகிர்ந்துகொள்கின்றன. பாதரசத்துக்கும் ஸ்டாக்குக்கும் வேறொரு தொடர்பும் இருந்தது: ஆய்வகக் கருவிகளில் பாதரசத்தோடு பல்லாண்டு பழகி, அதன் ஆவியால் தலைவலியும் மறதியும் பிடித்து வாடிய அவர், காரணத்தைக் கண்டறிந்து 1926இல் மற்றவர்களை எச்சரித்து எழுதினார்.

அலோகங்கள் இரண்டு சேரும்போது கதை வேறு. அங்கே எலக்ட்ரான்கள் பகிரப்படுவதால், மின்சுமையை வைத்துக் கணக்குப் போட வழியில்லை. எண்ணிக்கையைப் பெயரிலேயே சொல்லியாக வேண்டும். கார்பன் மோனாக்சைடு, கார்பன் டைஆக்சைடு என்பவை இப்படி வந்தவை. முதல் தனிமம் ஒற்றையாக இருந்தால் மட்டும் அதற்கு 'மோனோ' போடுவதில்லை.

மளிகைக் கடையின் சலவைச் சோடா, சோடியம் கார்பனேட். ஆப்பச் சோடா, சோடியம் பைகார்பனேட். 'பை' என்றால் இரண்டு. ஆனால் பின்னதன் வேதி வாய்பாட்டில் இரண்டாக இருப்பது எதுவுமில்லை. சலவைச் சோடாவோடு ஒப்பிட்டால், அதே அளவு சோடியத்துக்கு இதில் கார்பனேட் இருமடங்கு என்பதால் அந்தக் காலத்தில் வைத்த பெயர் அது. கார்பனேட்டின் இரட்டை மின்சுமையில் ஒன்றை ஒரு ஹைட்ரஜன் அயனி ஈடுகட்டிவிடுவதால், இன்றைய முறையில் சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட் என்பதே சரியான பெயர். மருந்துப் பாட்டில்களில் இன்றும் பைகார்பனேட்தான் அச்சாகிறது. மளிகைக் கடைக்காரரிடமோ இரண்டு பெயரும் செல்லாது, ஆப்பச் சோடா என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்.