ஹாமர் வெளியே இருக்கும் துவக்குக்கு ஸ்கோப் பூட்டுமுன்

ஒக்ரோபர் பிறந்தால், துவக்குத் திருத்தும் என் வேலை மேசை லீவர் ரைஃபிள்களால் (விசையடியில் உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றி அடுத்த ரவையைப் போடும் துவக்குகளால்) நிறைந்துவிடும். நவம்பரில் ஒன்ராறியோவின் நடுப்பகுதியில் துவக்கால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. புதிதாக லைசன்ஸ் எடுத்து என்னிடம் வருகிறவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்கேயோ முப்பது-முப்பது (.30-30) ரவை போடும் பழைய துவக்கு ஒன்றை நல்ல விலைக்கு வாங்கிக்கொண்டு வருவார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணை, இதுக்கு ஒரு ஸ்கோப் பூட்டித் தர ஏலுமா?"

துவக்கின் மேல் பூட்டும், தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் குழாயைத்தான் கேட்கிறார்கள். ஏலும். ஆனால் முக்கால்வாசிப் பேரிடம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஏன் என்று ஒவ்வொருவருக்கும் நின்று விளக்க நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒருவர் தன் லீவர் ரைஃபிளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இதில் பிழை இருக்கு, தானாக வெடிக்குது" என்றார். மாலை இருட்டும் நேரம், வேட்டையை முடித்துக்கொண்டு, ஏற்றி வைத்திருந்த ஹாமரை (விசையை அழுத்தினால் முன்னே விழுந்து ரவையை வெடிக்கவைக்கும் சுத்தியலை) மெல்ல இறக்க முயன்றிருக்கிறார். விரல் வழுக்கியது. சன்னம் அவருடைய சப்பாத்திலிருந்து ஓர் அடி தள்ளி மண்ணுக்குள் போனது. சொல்லும்போதே அவருக்குக் கை நடுங்கியது.

துவக்கைக் கழற்றிப் பார்த்தேன். விசையும் சரி, ஹாமரைப் பாதிவழியில் நிறுத்தி வைக்கும் அரைப்பள்ளமும் சரி. பிறகு வெற்றுப் பயிற்சி ரவையைப் போட்டு, காட்டில் போட்டிருந்த கையுறையோடு அதே வேலையைச் செய்து காட்டச் சொன்னேன். ஸ்கோப்பின் கண்பக்க முனை ஹாமருக்கு நேர் மேலே, ஒரு விரல் தடிப்பு இடைவெளிகூட இல்லாமல் இருந்தது. கட்டைவிரலை மேலிருந்து வைக்க வழியில்லை. பக்கவாட்டால் நுழைத்து, ஹாமரின் ஓரத்தைக் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு தடவை இறங்கியது. மூன்றாம் தடவை 'டக்' என்று விழுந்தது. இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

இந்த வகைத் துவக்கின் அமைப்பே அப்படி. ஜோன் பிறவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 70 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட துவக்கு அது. அதன் பழைய வடிவங்களில் வேறு பாதுகாப்புப் பூட்டு கிடையாது. ஹாமரை அரைப்பள்ளத்தில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு. ரவை உள்ளே இருக்க, விசையை அழுத்திக்கொண்டே ஹாமரை விரலால் தாங்கி இறக்கவேண்டும். அந்த நேரத்தில் உங்களுக்கும் வெடிக்கும் நடுவில் இருப்பது ஒரு கட்டைவிரல் மட்டுமே. அந்த விரலுக்கு இடம் வேண்டும். ஸ்கோப் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. பக்கவாட்டில் நீளும் ஒரு சிறு முளையை ஹாமரில் பூட்டலாம். ஸ்கோப் கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு அதில்லாமல் நான் திருப்பிக் கொடுப்பதே இல்லை. முடிந்தவரை ஹாமரை இறக்காதீர்கள், ரவையை வெளியே எடுத்துவிடுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பழைய வின்செஸ்டரில் இன்னொன்றும் உண்டு. சுட்ட ரவையின் வெற்றுக் கோது நேரே மேலே பறக்கும். அங்கே ஸ்கோப் இருந்தால் அதில் முட்டித் திரும்ப உள்ளேயே விழும். 1948-இல் வந்த மார்லின் 336 கோதைப் பக்கவாட்டில் தள்ளுவதால் அதில் ஸ்கோப் பூட்டுவது சுலபம். ஆனால் ஹாமர் பிரச்சினை அதிலும் அதேதான்.

சரி, ஸ்கோப் இல்லாமல் மானை எப்படிக் குறிபார்ப்பது? குழலின் நுனியில் ஒரு சிறு மணி, பின்னால் ஒரு பள்ளம் அல்லது துளை. ஐயன் சைற் என்பார்கள். நான் இரும்புக் குறி என்று எழுதுகிறேன். ஹலிபேர்ட்டன் பக்கத்துக் காட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், மேப்பிளும் சீடரும் நெருங்கி நிற்கும் இடத்தில் 50 மீற்றருக்கு மேல் கண் போகாது. மான் தெரிந்தால் 25 மீற்றரில் தெரியும், மூன்று விநாடி நிற்கும், போய்விடும். 3 முதல் 9 மடங்கு வரை பெருக்கும் ஸ்கோப்பை 9-இல் மறந்துவிட்டு இருந்தால், 25 மீற்றரில் உங்களுக்குத் தெரிவது ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலம். மண்ணிற மயிர் தெரியும். அது தோளா, பின்தொடையா என்பது தெரியாது. காயத்தோடு ஓடிய மானை இருட்டில் ரத்தத்துளி பார்த்துத் தேடிய அனுபவம் எனக்கு உண்டு. அது யாருக்கும் வரவேண்டாம்.

இரும்புக் குறியில் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருக்கலாம். மானும் தெரியும், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். அதோடு, பழைய லீவர் துவக்குகளின் மரப்பிடி தாழ்வானது. கன்னம் மரத்தில் பதிந்தால் கண் தானாக மணிக்கு நேரே வரும். அதே மரத்துக்கு மேல் ஸ்கோப்பை வைத்தால் தலையைத் தூக்கித் தாடையைத்தான் மரத்தில் வைக்கவேண்டும். சோதித்துப் பார்க்க விரும்பினால், கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு கண்ணைத் திறவுங்கள். என்ன தெரிகிறது என்று பாருங்கள்.

பனி கொட்டும் நாளில் கண்ணாடியில் பனி அப்பும், மூச்சுப் பட்டால் மங்கும். இரும்பில் அப்பிய பனியை ஓர் ஊதல் ஊதினால் போய்விடும். ஒதுக்குப்புறங்களைக் காக்கும் பகுதிநேரப் படையினரான கனடிய ரேஞ்சர்கள் 1947 முதல் பல பத்தாண்டுகள் வடதுருவக் குளிரில் சுமந்த லீ என்ஃபீல்ட் ரைஃபிளிலும் இரும்புக் குறிதான். அதற்குப் பதிலாக அண்மையில் கொடுக்கப்பட்ட சி19 ரைஃபிளிலும் இரும்புக் குறிதான். பனிக்கரடி எதிரே வரக்கூடிய இடத்தில் நடமாடுகிறவர்களின் துவக்கு அது.

இதையெல்லாம்விட என் மனதை அரிக்கிற ஒன்று இருக்கிறது. ஒரு நவம்பர் காலை நான் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தேன். சட்டம் கேட்கிற செம்மஞ்சள் மேலங்கியும் தொப்பியும் போட்டிருந்தேன். பள்ளத்துக்கு அந்தப் பக்கம், 150 மீற்றர் இருக்கும், இன்னொரு வேட்டைக்காரர் வந்து நின்றார். துவக்கைத் தோளில் வைத்து, ஸ்கோப் வழியாக என்னை வடிவாகப் பார்த்தார். பிறகு துவக்கை இறக்கிவிட்டுச் சிநேகமாகக் கையசைத்தார். நான் பதிலுக்குக் கையசைக்கவில்லை; எனக்குக் கை எழவில்லை. அவருக்குத் தான் என்ன செய்தார் என்றே தெரியாது. துவக்கில் ஒரு கண்ணாடி இருந்தால் அதால் பார்க்கத்தான் மனம் போகும். இரும்புக் குறி அந்த ஆசையைத் தராது. பார்ப்பதற்குக் கழுத்தில் ஒரு பைனாகுலர் தொங்கும். ஸ்கோப் பூட்டுகிறவர்களும் தயவுசெய்து பைனாகுலரையும் கொண்டுபோங்கள். விலை குறைந்தது என்றாலும் பரவாயில்லை.

இரும்புக் குறிக்கும் எல்லை உண்டு, அதை மறைக்கக்கூடாது. நுனி மணி ஒன்றரை மில்லிமீற்றர், கண்ணிலிருந்து 75 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது என்றால், 100 மீற்றரில் அந்த மணி 20 சென்ரிமீற்றரை மறைக்கும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமே அவ்வளவுதான். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 50 சென்ரிமீற்றர் என்றால், ஒரு மில்லிமீற்றர் பிசகு 100 மீற்றரில் 20 சென்ரிமீற்றர் பிசகாகும். ஆகவே 100 மீற்றருக்கு அப்பால் சுடவேண்டாம். அகன்ற வெளிகளில் தூரத்து மானைச் சுடுகிறவருக்கு ஸ்கோப்தான் சரி, அதற்கேற்ற போல்ட் ரைஃபிளும் (பக்கத்துக் கைப்பிடியைத் தூக்கி இழுத்து ரவை போடும் துவக்கும்) வேண்டும்.

கண்ணும் முக்கியம். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து விழுந்தவர்களுக்குப் பின்பள்ளம் மங்கலாகும். அவர்களுக்கு நான் துளைக்குறி பூட்டுகிறேன். சிறு துளை வழியே பார்க்கும்போது கிட்டவும் எட்டவும் ஓரளவு தெளிவாகத் தெரியும். கண் தானாகத் துளையின் நடுவைப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் மணியை மட்டும் கவனித்தால் போதும். அதிலும் மணி தெளிவாகத் தெரியவில்லை என்றால் பிடிவாதம் வேண்டாம், பெருக்கம் குறைந்த ஸ்கோப்புக்கு மாறுங்கள், ஹாமர் முளையோடு.

பக்கவாட்டு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. உருண்டையான பித்தளை மணியில் வெயில் ஒரு பக்கம் மட்டும் மின்னும். அந்த மின்னலையே நடு என்று கண் எடுத்துக்கொள்ளும், சன்னம் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் விலகும். அதனால் என்னிடம் வரும் மணிகளின் முகத்தை நுண்ணிய அரத்தால் தட்டையாக்கிக் கொடுக்கிறேன். ஐந்து நிமிட வேலை. பின்குறி குழலில் உட்காரும் இடத்தில், குறியிலும் குழலிலும் சேர்த்து ஒரு மெல்லிய கோடும் கீறிவிடுவேன். காட்டில் எங்காவது இடிபட்டுக் குறி நகர்ந்திருந்தால், கோட்டின் இரண்டு பாதியும் விலகி நிற்பது பார்த்த உடனே தெரியும்.

இந்த வருடம் வருகிறவர்கள் பருவம் திறக்க ஒரு கிழமை இருக்கும்போது ஓடி வராமல் செப்ரெம்பரிலேயே வாருங்கள். குறியை மாற்றினால் பழகவும் நாள் வேண்டும். வரும்போது காட்டில் போடும் அதே கையுறையையும், கண்ணாடி அணிபவர் என்றால் அந்தக் கண்ணாடியையும் கொண்டுவாருங்கள். வெற்றுத் துவக்கில் உங்கள் கட்டைவிரல் ஹாமரில் எப்படி உட்காருகிறது என்று முதலில் பார்ப்போம்.