குதிரை மாடு இல்லை: கடலூர், புதுச்சேரியில் குதிரை வைத்திருப்பவர்களுக்கு

சில்வர் பீச்சில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடக்கும் குதிரைகள், மாப்பிள்ளை அழைப்புக்கு ஜரிகைத் துணி போர்த்தி நிற்கும் வெள்ளைக் குதிரைகள், ஆரோவில் பக்கம் சவாரி கற்றுத்தரும் இடங்களில் இருப்பவை, ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் கட்டியிருப்பவை. கால்நடை மருத்துவராக நான் பார்க்கும் குதிரைகள் அநேகமாக இவ்வளவுதான். வைத்திருப்பவர்களின் அன்பில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. தன் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டுக் குதிரைக்குக் கொள்ளு வாங்கப் போகிறவர்கள் அவர்கள். ஆனால் பலரும் மாடு வளர்த்த வீட்டிலிருந்து வந்தவர்கள். மாட்டுக்குச் செய்து பழகியதைத்தான் குதிரைக்கும் செய்கிறார்கள். மாட்டுக்கு ஒன்றும் ஆகாத சில விஷயங்களில் குதிரை செத்துப்போகும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வயிற்று வலி. ராத்திரியில் வரும் போன் பெரும்பாலும் இதற்காகத்தான். மாட்டின் முதல் வயிறே நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். அவ்வளவு பெரிய குதிரையின் இரைப்பையோ மொத்தமே 8 முதல் 15 லிட்டர்தான். குதிரையால் வாந்தியும் எடுக்க முடியாது. இரைப்பையின் மேல்வாய்த் தசை அத்தனை இறுக்கமானது. உள்ளே வாயு சேர்ந்தாலும் தீவனம் ஊறிப் பெருத்தாலும் மேலே வர வழி கிடையாது, முற்றினால் இரைப்பை கிழிந்துவிடும். அதற்குக் கீழே பெருங்குடல் மடித்து மடித்துக் கிடக்கிறது, ஓரிரு வளைவுகளில் சட்டென்று குறுகுகிறது. அடைப்பு விழுவது அங்கேதான். குடல் முறுக்கிக்கொண்டால் நமக்குக் கிடைப்பது சில மணி நேரம்.

கெடிலம் ஆற்றோரம் ஒரு கொட்டகையிலிருந்து முகூர்த்த நாள் ஒன்றின் ராத்திரியில் போன் வந்தது. "டாக்டர், குதிரை படுத்துப் படுத்து எந்திரிக்குது. இஞ்சிச் சாறு குடுக்கலாம்னு இருக்கேன். காலையில வர்றீங்களா?" இஞ்சிச் சாறு வேண்டாம், தீவனத் தொட்டியை எடுத்துவிடுங்கள், இதோ வருகிறேன் என்றேன். போய்ப் பார்த்தபோது குதிரை முன்காலால் தரையைப் பறித்துப் பள்ளமாக்கியிருந்தது. அடிக்கடி திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. விலாவும் கழுத்தும் வேர்வையில் நனைந்திருந்தன. செல்போன் வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிர் ரோஜா நிறத்தில் இல்லை, செங்கல் சிவப்பாக இருந்தது. இடது விலாவில் காதை வைத்தேன். நல்ல குதிரையின் வயிற்றில் எப்போதும் உருளும் சத்தம் கேட்கும். அங்கே ஒன்றுமே கேட்கவில்லை. அன்று மண்டப வாசலில் ஆளாளுக்குச் சோறு, வடை, லட்டு என்று ஊட்டிவிட்டிருக்கிறார்கள். மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் இறக்கியதும் புளித்த வாடையோடு வாயுவும் கஞ்சி மாதிரித் தண்ணீரும் வாளியில் வந்து விழுந்தன. விடியும் நேரத்தில் லத்தி போட்டது. அதோடு முடியவில்லை. மாவுச்சத்து அதிகமாகப் போன குதிரைக்கு அடுத்த இரண்டு மூன்று நாளில் குளம்புக்குள் அழற்சி வரலாம். அதனால் நான்கு குளம்புகளுக்கும் இரண்டு நாளைக்கு ஐஸ் தண்ணீர் வைக்கச் சொன்னேன். மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் கொண்டுவந்தார்கள். குதிரை பிழைத்துவிட்டது.

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் குதிரைக்காரருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாளியைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

இந்த வலியின்போது செய்யவே கூடாத ஒன்று, பாட்டிலில் எண்ணெயோ பெருங்காயத் தண்ணீரோ கரைத்துத் தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றுவது. மாட்டுக்கு ஊற்றிப் பழகிய கை அதைத்தான் முதலில் செய்யும். வலியில் இருக்கும் குதிரை சரியாக விழுங்காது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் வயிற்று வலி சரியான பிறகும் நிமோனியாவில் சாகும். வீட்டில் இருக்கும் வலி ஊசியை நீங்களே போட்டுவிடுவதும் வேண்டாம். வலி மறையும், முறுக்கு மறையாது, அறுவை சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய நேரம் கைநழுவிப் போய்விடும். தீவனத்தை எடுத்துவிட்டு, உருண்டு அடிபடாமல் இருக்க மெதுவாக நடத்துங்கள். அமைதியாகப் படுத்திருந்தால் படுக்கட்டும், அடித்து எழுப்பி மணிக்கணக்கில் நடத்த வேண்டாம். போனில் என்னிடம் "ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்வதைவிட நாடித்துடிப்பு இவ்வளவு என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்தால் கயிறு போல் ஒரு ரத்தக்குழாய் உருளும், அங்கே எண்ணலாம். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. அறுபதைத் தாண்டினால் நான் சட்டையை மாட்டிக்கொண்டே பேசுவேன். உடல் சூடு 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். கடைசியாக எப்போது லத்தி போட்டது என்பதையும் சொல்லுங்கள். குதிரை நன்றாக இருக்கும் நாளிலேயே இதையெல்லாம் எண்ணிப் பழகிவிட்டால் அவசரத்தில் கை நடுங்காது.

நம் கடற்கரைக்கென்றே ஒரு வயிற்று வலி உண்டு. மணல். தரையில் கொட்டிய தீவனத்தைக் குதிரை உதட்டால் பொறுக்கித் தின்னும்போது மணலும் சேர்ந்து போய்ப் பெருங்குடலின் அடியில் தங்கிவிடும். தேவனாம்பட்டினத்திலும் சரி, புதுச்சேரி வீராம்பட்டினத்திலும் சரி, கட்டியிருக்கும் இடமே மணல்தான். போதாததற்கு நம் மாவட்டத்தில் வேர்க்கடலைக் கொடி மலிவு. நல்ல தீவனம்தான், கால்சியமும் உண்டு. ஆனால் வேரோடு பிடுங்கிய கொடியில் செம்மண் ஒட்டியே வரும், நன்றாக உதறிக் கொடுங்கள். பூசணம் பிடித்ததைத் தூக்கி எறியுங்கள். மணல் சேர்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். தரையில் படாத மேல் லத்தியாக ஐந்தாறு உருண்டை எடுத்து ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணல் படிந்தால் தீவனத்தைத் தொட்டிக்கு மாற்ற வேண்டும், என்னையும் கூப்பிட வேண்டும். படியவே இல்லை என்பதால் மணல் இல்லவே இல்லை என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள், சில நேரம் உள்ளேயே தங்கிவிடும்.

தீவனத்தில் இன்னும் சில இருக்கின்றன. தவிடும் கொள்ளும் மட்டுமே போட்டு வளர்க்கும் குதிரைக்குப் பாஸ்பரஸ் அதிகமாகி எலும்பிலிருந்து கால்சியம் கரையும். அதோடு மாட்டுக்குப் போட்ட கோ-4 புல்லையே தினமும் கொடுத்தால், அந்தப் புல்லில் இருக்கும் ஆக்சலேட் மிச்சக் கால்சியத்தையும் பிடித்துக்கொள்ளும். முகத்தின் இரு பக்கமும் எலும்பு வீங்கி, இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நொண்டும். வீக்கம் வந்த பிறகு முகம் பழையபடி ஆவது அரிது. உலர்ந்த புல்லும் வைக்கோல் வகையும்தான் குதிரையின் சாப்பாடு, உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தினமும், பல வேளையாகப் பிரித்து. கொள்ளு மேலே சேர்த்துக்கொள்வது. கோழிப் பண்ணையில் மிஞ்சிய தீவனத்தைக் குதிரைக்குப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்து கலந்திருக்கலாம். கோழிக்கு ஒன்றும் செய்யாத அளவே குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும், மாற்று மருந்து கிடையாது. மாட்டுக்கு உண்ணி போக அடிக்கும் அமிட்ராஸ் மருந்தையும் குதிரை மேல் அடிக்காதீர்கள். குடல் அசைவே நின்றுவிடும்.

குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவியாக வேண்டும், லாடம் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகை ஊறிக் கிடக்கும்போது குளம்பின் அடியில் கறுப்பாக, மூக்கைப் பொத்தும் நாற்றத்தோடு அழுகல் வரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிய பிறகு எத்தனையோ இடங்களில் மாடு, குதிரை எல்லாம் தண்ணீரில்தான் நின்றன. அந்த மாதிரி நாட்களில் ஒரு மேடோ ஒரு பலகையோ போட்டு, தினம் இரண்டு வேளை குளம்பைச் சுரண்டித் துடைத்துவிட்டாலே போதும்.

குளம்பில் ஆணி ஏறிவிட்டால் உடனே பிடுங்கி எறிய வேண்டாம். எந்த இடம், எந்தச் சாய்வு, எவ்வளவு ஆழம் என்பதை ஆணி இருக்கும்போதுதான் பார்க்க முடியும். மிதித்து மிதித்து இன்னும் உள்ளே போகும் என்றால் போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துவிட்டு எடுங்கள், ஆணியைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் டெட்டனஸ். வீட்டு விலங்குகளிலேயே குதிரையை வதைக்கும் அளவுக்கு அது எதையும் வதைப்பதில்லை. தாடையின் கீழ் லேசாகத் தட்டினால் கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு வெள்ளைச் சவ்வு பாய்ந்து வந்து மூடும். காது விறைத்து, வால் தூக்கி, மரக்குதிரை மாதிரி நிற்கும். அதைப் பார்த்த பிறகு நான் செய்யக்கூடியது கொஞ்சம்தான். தடுப்பூசியோ மலிவு. முதலில் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருடம் ஒன்று. பராமரிப்பவரும் போட்டுக்கொள்ள வேண்டும்.

சவாரி செய்கிறவர்களுக்குக் கொஞ்சம். செருப்போடு ஏறாதீர்கள். அங்கவடிக்குள், அதாவது கால் வைக்கும் வளையத்துக்குள், பாதம் முழுக்க நுழைந்து மாட்டிக்கொண்டால் விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். குதிகால் வைத்த மூடிய ஷூ வேண்டும். கடற்கரையில்தானே, மணல்தானே என்று ஹெல்மெட்டை விடுவது பெரிய ஆபத்து, ஈர மணல் தலைக்குக் கெட்டித் தரையைப் போலத்தான். பிடிகயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. பட்டாசுச் சத்தத்தில் குதிரை மிரண்டு பாய்ந்ததும் சுற்றிய கயிறு விரலைத் துண்டித்துவிடும். குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் அதற்குக் கண் தெரியாது. தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே வாருங்கள். குழந்தையைச் செல்பிக்காகப் பின்னால் நிறுத்தும் பெற்றோர்களை அந்த இடத்திலேயே தடுத்துவிடுங்கள், குதிரைக்காரர் முகம் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை.

சித்திரை, வைகாசி வெயிலைவிட நம் ஊர்ப் புழுக்கம்தான் குதிரையைக் கவிழ்க்கும். குதிரை வேர்த்துத்தான் உடம்பை ஆற்றிக்கொள்ளும். சில குதிரைகளுக்கு இப்படிப்பட்ட ஊரில் வேர்ப்பதே நின்றுவிடும். மத்த குதிரைகள் எல்லாம் நனைந்து நிற்க, ஒன்று மட்டும் தோல் காய்ந்து, மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு வாங்கினால் அதை வேலைக்கு எடுக்காதீர்கள். சூடான உடம்பில் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்பது ரொம்ப நாள் நம்பிக்கை, அது உண்மையில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் குதிரைகளை ஐஸ் தண்ணீரால் குளிர்வித்தே காப்பாற்றினார்கள். உடம்பு முழுக்க, நிறுத்தாமல் ஊற்றுங்கள். குடிக்கவும் கொடுங்கள். ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர் தேவை, வெயிலில் உழைத்தால் அதற்கும் மேலே.

தெருநாய் கடித்த குதிரையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காயத்தைச் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே கூப்பிடுங்கள். குதிரைக்கு ரேபிஸ் வந்தால் வெறி பிடித்த மாதிரித் தெரியும் என்று காத்திருக்க முடியாது. வயிற்று வலி போலவும் நொண்டல் போலவும்கூட ஆரம்பிக்கும். தெரியாமல் வாயில் கை விடுகிறவர் குதிரைக்காரர்தான்.

இந்த ஆடிக்கு அந்தியூர் போகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைச் சான்று கேளுங்கள். மனிதருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும் நோய் அது. குதிரைக்கு உறுதியானால் அரசிடம் தெரிவித்தே ஆக வேண்டும், அதை உயிரோடு வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. நாட்டில் இதற்கான முக்கிய ஆய்வகம் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம், கால்நடைத் துறை வழியாக மாதிரி அனுப்பலாம். லாரியில் ஏற்றி வரும்போது தலையைத் தூக்கியே கட்டிவிடாதீர்கள். தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேர்ந்த சளியும் தூசியும் வெளியே வரும், இல்லாவிட்டால் ஊர் வந்த மூன்றாம் நாள் நுரையீரலில் சீழ். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் காட்டி, தலையைத் தொங்கவிடச் செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் தனியே கட்டுங்கள். வாளி, பிரஷ், கயிறு எல்லாம் அதற்கென்று தனி. பழைய குதிரைகளை முதலில் கவனித்துவிட்டுப் புதுக் குதிரையிடம் கடைசியாகப் போங்கள், திரும்பும்போது கையையும் காலையும் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.