ஸ்ட்ராபெரியை அறுத்து முட்டையிடும் ஈ

வாழைப்பழம் கனிந்துவிட்டால் எங்கிருந்தோ வந்து மொய்க்கும் குட்டி ஈக்களை எல்லோரும் பார்த்திருப்போம். டிரோசோபிலா என்ற அந்த இனத்தில் பெரும்பாலானவற்றால் விவசாயிக்குத் தொல்லை இல்லை. அடிபட்டது, அழுகியது, புளித்தது, இவை கிடைத்தால் போதும் அவற்றுக்கு. டிரோசோபிலா சுசூகீயோ செடியிலேயே சிவந்துகொண்டிருக்கும் நல்ல பழத்தைத் தேடிப் போகிறது.

ஜப்பானியப் பூச்சியியலாளர் மட்சுமுரா 1931இல் இதற்குப் பெயரிட்டார். கிழக்கு ஆசியாவில் இருந்த ஈ 1980இல் ஹவாயில் தென்பட்டது. 2008இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பகுதி ஸ்ட்ராபெரி, ராஸ்பெரித் தோட்டங்களிலும், அதே ஆண்டு ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சிக்கியது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம்தான். ஆண் ஈயின் இறகு நுனியில் ஒரு கரும்புள்ளி இருக்கும்.

சேதம் முழுவதும் பெண் ஈயால்தான். அதன் வயிற்று நுனியில் முட்டையிடும் உறுப்பு, கருத்துக் கெட்டியான பற்களோடு ஒரு ரம்பமாகவே வளர்ந்திருக்கிறது. மற்ற டிரோசோபிலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் பற்கள் இவ்வளவு வலுவாக இல்லை. மெத்தென்று ஆன பழம்தான் அவற்றுக்குத் தோதுப்படும். இதுவோ விறைப்பான தோலையும் அறுத்து முட்டையை உள்ளே தள்ளிவிடும். முட்டையிலிருந்து மெல்லிய வெள்ளை இழைகள் இரண்டு தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளே இருக்கும் கரு மூச்சுவிடுவதற்கு. உறுப்போடு மோப்பமும் மாறியிருக்கிறது: புளித்த வாசனையைவிடப் பழுக்கும் பழத்தின் மணமும் இலையின் மணமும் இதை அதிகம் இழுக்கின்றன.

அறுத்த துளை வழியே ஈஸ்ட்டும் பூஞ்சையும் நுழையும். புழு சதையைத் தின்னத் தின்னப் பழம் குழிந்து, சாறு கசியும். சந்தேகம் வந்தால் சில பழங்களை லேசாக நசுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். கால் மணி நேரத்தில் வெள்ளைப் புழுக்கள் வெளியே வந்து மிதக்கும்.

மருந்து அடித்தால் போதாதா? வெளியே திரியும் ஈ சாகும், பழத்துக்குள் இருக்கும் முட்டையும் புழுவும் பெரும்பாலும் தப்பிவிடும். மிதமான வெப்பத்தில் இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடுவதால், மருந்துக்கு மசியாத ஈக்களும் சீக்கிரம் பெருகுகின்றன. இயற்கை விவசாயிகள் நம்பியிருக்கும் ஸ்பினோசாட் என்ற மருந்துக்கே கலிபோர்னியாவில் இப்படி ஆகியிருக்கிறது. வினிகர் பொறியையும் பலர் தீர்வாக நினைக்கிறார்கள். ஈ வந்துவிட்டதா என்று அது சொல்லும், அவ்வளவுதான், பயிரைக் காப்பாற்றாது.

என் கணிப்பில் வலைதான் முதல் வழி. கண்ணி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும், காய் நிறம் மாறுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஆனால் அந்த வலைக்குள் தேனீயும் நுழைய முடியாது. ஸ்ட்ராபெரி ஓரளவு தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும் என்றாலும், தேனீ வராத பூவில் பழம் கோணல்மாணலாகத்தான் வரும். அதனால் பெரிய தோட்டக்காரர்கள் வலைக்குள்ளேயே வண்டுத்தேனீ (பம்பிள்பீ) பெட்டி வைக்கிறார்கள்.

அப்புறம் அறுவடை. ஒருநாள் விட்டு ஒருநாளாவது பறிக்க வேண்டும், கனிந்து குழைந்ததையும் விட்டுவைக்கக் கூடாது. பறித்த பழத்தை உடனே உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் இரண்டு மூன்று நாள் வைத்தால் முட்டையும் இளம்புழுவும் பெரும்பாலும் செத்துவிடும்.

நீண்டகால நம்பிக்கை ஒரு சின்னக் குளவிமேல் இருக்கிறது. கிழக்கு ஆசியாவில் இந்த ஈயோடு கூடவே வாழ்ந்துவந்த கானாஸ்பிஸ் குளவி, பழத்துக்குள் இருக்கும் புழுவைக் கண்டுபிடித்து அதன் உடலில் முட்டையிடும். குளவிக்குஞ்சு புழுவைத் தின்று வளரும். மற்ற பூச்சிகளுக்குக் கேடு வருமா என்று பல ஆண்டுகள் அடைத்துவைத்துச் சோதித்த பிறகு 2021இல் இத்தாலியிலும் 2022இல் அமெரிக்காவிலும் திறந்துவிட்டார்கள். அது வேரூன்றிப் பெருக வருடங்கள் ஆகும். அதுவரை கழித்த பழங்களை மேலோட்டமாகப் புதைக்காமல், தெளிவான பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் போடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் புழுக்கள் செத்துவிடும்.