அடியில் நிற்பதெல்லாம் கசடு அல்ல

மூணாற்றில் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பை வேகவைப்பவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், தண்ணீர் 95 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் சூடேறாத நீரில் பருப்பு எளிதில் மசிவதில்லை. சமையலுக்கு இடைஞ்சலான இந்த விதியே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குக் கைகொடுக்கிறது. ஸ்பானிய ஆலை ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்க்கும் எனக்கும் அதுதான் வழிகாட்டி.

கச்சா எண்ணெயை உலையில் சுமார் 350 டிகிரிக்குச் சூடாக்கி முதல் கோபுரத்துக்குள் செலுத்தினால், பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் உரிய பகுதிகள் ஆவியாகி மேலேறி, தத்தம் தட்டுகளில் குளிர்ந்து பிரிகின்றன. ஆவியாகாமல் அடியில் தங்குவதை ஸ்பானியத்தில் ‘ரெசிதுவோ அத்மோஸ்ஃபேரிகோ’ என்றும் ‘க்ரூதோ ரெதுசிதோ’ என்றும் சொல்வார்கள். பின்னதன் பொருள் அளவைக் குறைத்த கச்சா என்பதன்று. குழம்பைச் சுண்டவைப்பது போல் சுண்டிய கச்சா. ஆங்கிலத்தின் ‘ரெடியூஸ்டு க்ரூட்’ அதற்கு நேரானது.

இதை மேலும் சூடாக்கினால் மூலக்கூறுகள் உடைந்து, உலைக்குழாய்களில் கரி படியும். ஆகவே, வளிமண்டல அழுத்தத்தில் சில சதவீதமே உள்ள இரண்டாம் கோபுரத்தில், மூணாற்றுத் தண்ணீரைப் போல, குறைந்த சூட்டிலேயே கொதிக்க வைக்கிறார்கள். அங்கும் எஞ்சுவது ‘ரெசிதுவோ தே பசியோ’. தமிழ்க் காதில் பசி என்று விழும் அந்தக் கடைசிச் சொல்லுக்கு வெறுமை என்று பொருள்; பொருத்தம்தான். இன்னும் வடிக்க நிறைய இருப்பதால் முதல் எச்சத்தை ‘லாங் ரெசிடியூ’ என்றும், இரண்டாவதை ‘ஷார்ட் ரெசிடியூ’ என்றும் ஆங்கிலத்தில் குறிப்பதுண்டு.

தமிழக-கேரள எல்லை மலையிலுள்ள போடிமெட்டுச் சாலையில் உருக்கி ஊற்றும் கருங்குழம்பு பெரும்பாலும் இந்த இரண்டாம் எச்சத்திலிருந்து வருவது. மலைக்கு இருபுறமும் அதைத் தார் என்றே சொல்கிறோம்; ஆனால் வேதியியல்படி தார் என்பது நிலக்கரியைக் காற்றுப் படாமல் சுட்டால் வடிவது. ஸ்பானியத்தில் அது ‘அல்கித்ரான்’. சாலைக்கு இடுவதை ஸ்பெயினில் ‘பெதூன்’ என்பார்கள், லத்தீன் அமெரிக்காவில் ‘அஸ்ஃபால்தோ’. ஆங்கிலத்திலும் இந்தியருக்கு அது பிட்டுமன், அமெரிக்கருக்கு அஸ்ஃபால்ட். பெதூனுக்குக் காலணி மெருகு என்ற பொருளும் உண்டு என்பதால், அகராதியை மட்டும் நம்புவது ஆபத்து.

ஆனால் என்னை உண்மையில் இடறச் செய்த சொல் ‘ஃபோந்தோஸ்’. அது எந்தக் கோபுரத்தின் அடியிலிருந்து எடுப்பதற்கும் பொதுப்பெயர், ஆங்கிலத்தில் ‘பாட்டம்ஸ்’. கச்சா எண்ணெயின் இலேசான பகுதியான நாஃப்தாவிலிருந்து சமையல் எரிவாயுவைப் பிரிக்கும் கோபுரத்தின் அடியிலும் ஃபோந்தோஸ் உண்டு. அது தெளிந்த நீர் போன்ற நாஃப்தா. அதை நான் ‘ரெசிடியூ’ என்று எழுதியிருந்த வரைவின் ஓரத்தில், சரிபார்த்த பொறியாளர் ‘இது பெட்ரோலாகப் போகிற சரக்கு’ என்று சிவப்பு மையில் குறித்து அனுப்பியிருந்தார்.